இரண்டு அறைக்கு ஒரே வெளிச்சம்

நாலு வருஷம் நான் சாயங்காலம் என்ற ஒன்றைப் பார்த்ததே இல்லை. ஆறு மணிக்கு உலகத்தில் என்னவெல்லாம் நடக்குமோ, அதெல்லாம் எனக்குத் தெரியாமல்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் நான் ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கைப்பிடியைக் கீழே தள்ளினால் முதல் அறை இருண்டு இரண்டாவது அறை எரியும். காலை ஆறு மணிக்கு மேலே தள்ளினால் இரண்டாவது இருண்டு முதல் அறை எரியும். இதுதான் உத்தியோகம். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் வயர்மேன் படித்தது இதற்குத்தானா என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. நானே கேட்டு நானே கோபித்துக்கொள்வேன்.

சுரக்குடி பக்கம் வயல்களுக்கு நடுவே இருந்தது அந்தக் கட்டடம். வாழைக் கன்றுகளைக் கண்ணாடிப் புட்டிகளுக்குள் வளர்க்கும் இடம். வாழையின் குருத்திலிருந்து ஒரு துணுக்கை வெட்டி, கஞ்சி போன்ற ஒன்றில் நட்டு, புட்டியை மூடிவிடுவார்கள். அதற்கு மண் கிடையாது, மழை கிடையாது, சூரியனும் கிடையாது. சூரியனுக்குப் பதில் டியூப் லைட். சுவர் நெடுக இரும்புத் தட்டுகள், ஒவ்வொரு தட்டுக்கு மேலும் இரண்டு குழல் விளக்கு, ஒரு அறைக்கு ஐம்பது. பன்னிரண்டு மணி நேரம் வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம் இருட்டு. ஊர்க்காரர்கள் அதை லேப் என்றார்கள், என்னை லேப்காரர் என்றார்கள். அதைத் தாண்டி என்னோடு பேச அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. நான் காரைக்கால்மேட்டுக்காரன் என்று தெரிந்த ஒரே ஒருவர் மட்டும் எப்போது பார்த்தாலும், இன்றைக்கு இறால் என்ன விலை என்று கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்?

இரண்டு அறைக்கும் சேர்த்து விளக்குப் போட்டால் அந்தக் கட்டடத்துக்கு வாங்கியிருந்த லோடு தாங்காது. விளக்கின் சூட்டைத் தணிக்க ஏசி வேறு ஓடவேண்டும். கூடுதல் லோடு வாங்க உரிமையாளருக்கு மனம் வரவில்லை. அவர் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவர், டவுனில் வீடு, வாரத்துக்கு இரண்டு நாள் ஸ்கூட்டரில் வந்து புட்டிகளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போவார். ஓர் அறைக்குப் பகல் இருக்கும்போது இன்னோர் அறைக்கு இரவு வைத்துவிட்டால் லோடு பாதி போதும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். நல்ல கண்டுபிடிப்பு. அதை நடத்திக்காட்ட ஓர் ஆள் அங்கேயே கிடக்கவேண்டும் என்பதுதான் அதில் இருந்த ஒரே குறை. பகலில் குருத்து வெட்ட இரண்டு பெண்கள் வருவார்கள், ஐந்து மணிக்குப் போய்விடுவார்கள். பிறகு நானும் புட்டிகளும்தான். பின்பக்கம் ஒரு சின்ன அறை எனக்கு. நாத்து நன்றாக வந்திருக்கிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். நீ சாப்பிட்டாயா என்று கேட்க அங்கே ஆள் கிடையாது.

எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. இதைச் சொல்லாமல் என் கதையில் ஒன்றும் புரியாது. மீன்பிடிக்கிற வீட்டில் இரண்டாவது பிள்ளை நான். பதினாறு வயதில் அப்பா மூன்று முறை என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனார். மூன்று முறையும் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே குடல் வெளியே வந்துவிடும் போல வாந்தி. வலையை இழுக்கவேண்டிய ஆளுக்கு என் தலையைப் பிடித்துக்கொள்வதே வேலையாகிவிட்டது. நாலாவது முறை அப்பா என்னை எழுப்பவில்லை. விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். அண்ணனை மட்டும் எழுப்பிக்கொண்டு அவர் போன சத்தம் கேட்டது. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இப்போதும் தோன்றும்.

நான் லேபில் சேர்ந்த வருஷமே அப்பா காய்ச்சலில் படுத்துப் போய்விட்டார். வருஷா வருஷம் அவர் இறந்த நாளில் வீட்டில் படையல். சுறாப்புட்டு, இறால் தொக்கு, அவித்த முட்டை, ஒரு கட்டு பீடி, ஒரு குவார்ட்டர், எல்லாம் அவருக்குப் பிடித்தது. விளக்கு வைக்கும் நேரத்தில்தான் படைப்பார்கள். அந்த நேரத்தில்தான் நான் சுரக்குடியில் சுவர் பார்த்து நிற்கவேண்டும். அதனால் மதியம் பன்னிரண்டு மணிக்குப் போவேன், அம்மா தனியாக எடுத்துவைத்ததைச் சாப்பிடுவேன், நாலரை மணிக்குச் சைக்கிளை எடுத்துவிடுவேன். அம்மா ஒவ்வொரு வருஷமும் ஒரே கேள்வியைக் கேட்பாள், இருந்து போகக் கூடாதா என்று. நான் ஒவ்வொரு வருஷமும் விளக்கு மாத்தணும்மா என்பேன். மூன்றாவது வருஷம் நான் கிளம்பும்போது அண்ணன் வாசலில் வலையோடு உட்கார்ந்திருந்தான். தலை நிமிராமல் கேட்டான்.

"அப்பாவுக்குப் படைக்கிற நேரத்துல எந்த வருஷம்டா நீ இங்க இருந்த?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் சைக்கிள் மிதிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், அடுத்த வருஷம் அந்தக் கைப்பிடியை வேறு ஏதாவது தள்ளட்டும் என்று. கிளம்பலையா, நேரமாச்சே என்று அம்மா கேட்கும்போது சுவரில் சாய்ந்துகொண்டு, "இல்லம்மா, இருக்கேன்" என்று சொல்லவேண்டும். வேறு எந்த ஆசையும் அப்போது எனக்கு இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ரிலே வாங்கப் போனேன்.

ரிலே பெரிய சங்கதி இல்லை. உள்ளே ஒரு கம்பிச் சுருள். சுருளில் கரண்ட் ஓடினால் அது காந்தமாகி ஒரு தகட்டை இழுக்கும். தகடு ஒரு முனையை விட்டு இன்னொரு முனையில் போய் ஒட்டும். கரண்ட் நின்றால் ஸ்பிரிங் தகட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். நாலு வருஷமாக நான் செய்த வேலையை ஒரு தீப்பெட்டி அளவு சாமான் செய்துவிடும். அதற்கு நேரம் சொல்ல ஒரு டைமர், அவ்வளவுதான். படிக்கும்போதே தெரிந்த விஷயம். ஏன் நாலு வருஷம் அது தோன்றவில்லை என்று அப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

உரிமையாளரிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தை மாதத்துக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட நாத்து இரண்டு அறையிலும் இருக்கிறது, அது கெட்டுப்போனால் லேபை மூடுவதைத் தவிர வழியில்லை, மெஷினை நம்பி ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார். நான்தான் சார் என்றேன். அப்படியானால் செய் என்றார். அவருக்கு அது சுலபமான பதில்.

டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மின்சாமான் கடை. கடைக்காரர் வயதான பாய். எதைக் கேட்டாலும் உடனே எடுத்துத் தரமாட்டார். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஏணியில் ஏறுவார். நான் அவசரக்காரன், எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இருந்தாலும் கதையைச் சொன்னேன். மூன்று சாமானை மேசைமேல் வைத்தார். முதலாவது கண்ணாடி போன்ற மூடிக்குள் இருந்த சின்ன ரிலே, பத்து ஆம்பியர். அது பார்க்க அழகாக இருந்தது, ஆனால் ஐம்பது விளக்கைச் சுமக்காது. இரண்டாவது மூடியில்லாத திறந்த ரிலே, முப்பது ஆம்பியர் என்று அடித்திருந்தது. சுருளும் தகடும் வெளியே தெரியும். ஒரே தகடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும், எனக்கு வேண்டியதும் அதுதான். மூன்றாவது, பம்ப்செட் மோட்டாருக்குப் போடுகிற கான்டாக்டர். கனமானது. அது போடவும் எடுக்கவும் மட்டும்தான் செய்யும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாது. ஆகவே இரண்டு வேண்டும்.

நான் கணக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். இத்தனை வாட், இத்தனை வோல்ட், வகுத்தால் இத்தனை ஆம்பியர். முப்பது தாராளம். பாய் என் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வெறும் ஆம்பியரப் பாக்காதிங்க தம்பி. அதுல என்னத்த மாட்டப்போறீங்கன்னு பாருங்க. இதுல அடிச்சிருக்கறது ஹீட்டர் மாதிரி சாதுவான லோடுக்கு. உங்களுது எல்லாம் சோக்கு."

டியூப் லைட்டின் சோக்கு போடும்போதும் எடுக்கும்போதும் முரண்டு பிடிக்கும், தகடு விலகுகிற இடத்தில் பொறி பறக்கும் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் இரண்டாவதையே எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு தகடு இரண்டு அறைக்கும் போய்வருகிறது என்பது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் அதனால் இருக்கமுடியும், இரண்டு அறையும் சேர்ந்து எரிய வழியே இல்லை. படகுக்காரர்கள் வாங்கிப்போகிற இருபத்துநாலு வோல்ட் சுருள் வேண்டாம், நேராக வீட்டுக் கரண்டிலேயே ஓடுகிற சுருள் கொடுங்கள் என்றேன். டைமரும் பாய் தேர்ந்து கொடுத்தார். கரண்ட் போனாலும் உள்ளே கடிகாரம் நிற்காமல் ஓடுகிற வகை. நின்று நின்று ஓடினால் பத்து நாளில் பகல் ராத்திரியாகிவிடும் என்றார்.

பலகையில் எல்லாவற்றையும் பூட்டி, வயர் இழுத்து, திருகுகளை முடுக்கி, கடைசியாக ஒரு காரியம் செய்தேன். டப்பாவைத் திறந்து கொஞ்சம் கிரீஸ் எடுத்து ரிலேயின் எல்லா இடத்திலும் தடவினேன். யோசித்துச் செய்யவில்லை. எங்கள் வீட்டில் உலோகம் என்றால் கிரீஸ்தான். கடலுக்கு அத்தனை பக்கத்தில் தடவாவிட்டால் ஒரு மாதத்தில் எல்லாம் உதிர்ந்துவிடும். கதவுக் கீல், பூட்டு, சைக்கிள் செயின், பல்பு மாட்டுகிற ஹோல்டர் என்று அப்பா ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை டப்பாவும் கையுமாக வீட்டைச் சுற்றிவருவார். அவரிடமிருந்து கடல் எனக்கு வரவில்லை, கிரீஸ் டப்பா வந்தது.

மூன்று நாள் பிசகில்லாமல் வேலை செய்தது. நாலாம் நாள் மாலை, மாற்றிய கொஞ்ச நேரத்தில் கருகல் நாற்றம். ஓடிப்போய்ப் பார்த்தால் தகடு மாறின இடத்திலேயே கருத்துப்போய் புகைந்துகொண்டிருந்தது. இரண்டாவது அறையில் விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. மெயினை அணைத்து, வயரைப் பழையபடி பெட்டிக்கு மாட்டி, கைப்பிடியைத் தள்ளினேன். நாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் பாய்மேல் சரியான கோபம். மறுநாள் பத்து மணிக்கு, கருகின ரிலேயைத் துணியில் சுற்றிக்கொண்டு சண்டைக்குப் போனேன்.

பாய் நான் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ரிலேயை எடுத்து விரலால் ஓர் இடத்தைத் தடவி மோந்து பார்த்தார்.

"இதுல கிரீஸ் தடவுனது யாரு?"

நான்தான் என்றேன். ஏன் என்றார். துருப்பிடிக்காமல் இருக்க என்றேன்.

"சுரக்குடியிலயா?" என்று கேட்டார். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எந்த ஊர்ப் பிள்ளை என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருப்பேன். தகடு ஒட்டி விலகும் இடத்தில் கிரீஸ் இருந்தால் பொறியில் அது எரிந்து கரியாகும், கரி சூடாகும், சூட்டில் முனை உருகும், உன் கைப்பழக்கம் உன்னைக் கெடுத்தது என்று பொறுமையாகச் சொன்னார். கிரீஸ் இல்லாவிட்டாலும் சோக்கு லோடுக்கு அது ரொம்ப நாள் தாங்காது, அதனால்தான் கான்டாக்டரைக் காட்டினேன் என்றார். தலையை ஆட்டினேன். படித்த வயர்மேன், இதைக்கூட மறந்து நின்றேன். வெட்கமாக இருந்தது.

இந்தத் தடவை கான்டாக்டர் இரண்டு, அவற்றுக்குக் கட்டளை கொடுக்க அந்தச் சின்னக் கண்ணாடி ரிலே ஒன்று. எப்படி மாட்டுவது என்று பாய் அட்டைப்பெட்டியின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். முதல் கான்டாக்டரின் சுருளுக்குப் போகிற கரண்ட் இரண்டாவதன் வழியாகப் போகவேண்டும், இரண்டாவதன் சுருளுக்குப் போவது முதலாவதன் வழியாக. ஒன்று விட்டால்தான் இன்னொன்று பிடிக்கமுடியும். மாட்டினேன். கிரீஸ் டப்பாவை எடுத்துப்போய்ப் பின்பக்க அறையில் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் இருபது நாள் தினமும் ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பலகைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். டக் என்று ஒரு சத்தம். ஒரு மூச்சு விடும் நேரம் இரண்டு அறையும் இருட்டு. மறுபடியும் டக். அவ்வளவுதான். முதல் நாள் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, தனியாக நின்று சிரித்தேன். போகப் போக அந்தச் சந்தோஷம் ஏனோ வடிந்துவிட்டது. என் கை போகுமுன் அது முடித்துவிடும். கைப்பிடியோடு இருந்த சகவாசமும் போனால் இனி அந்தக் கட்டடத்தில் எனக்கு யார்? இப்படியெல்லாம் நினைப்பது கிறுக்குத்தனம் என்று எழுந்துபோய்ச் சோறு வைப்பேன்.

அப்பாவின் நாள் வந்தது. வீட்டில் நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. செல்போன் எங்கள் கைக்கு வராத காலம், டவுனுக்கு வருகிற யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அண்ணனுக்குத் தெரிந்தால் ஊரெல்லாம் சொல்லிக் கேலி செய்வான். அதோடு, சுவரில் சாய்ந்துகொண்டு அந்த வார்த்தையைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்று ஆசை.

வழக்கம்போல் பன்னிரண்டு மணிக்குப் போகவில்லை. என்ன அவசரம்? படையல் விளக்கு வைக்கும்போதுதானே. மதியம்வரை பலகையைத் துடைத்தேன், திருகுகளை இன்னொரு முறை முடுக்கினேன், குளித்து வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு நாலு மணிக்குக் கிளம்பினேன். சைக்கிளை மெதுவாக மிதித்தேன். டவுனில் ஒரு மாலை வாங்கினேன், அம்மாவுக்கு வெற்றிலை, அண்ணன் பிள்ளைகளுக்கு மிட்டாய். அரசலாற்றுப் பாலத்துக்கு வந்தபோது ஐந்தேகால். பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். தண்ணீர் செம்பு நிறமாக இருந்தது. படகுகள் முகத்துவாரம் பக்கம் வரிசையாகக் கட்டியிருந்தன. கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் சிரித்துப் பேசியபடி வீட்டுக்குப் போனார்கள். ஒருவன் சுண்டல் விற்றுக்கொண்டு போனான், வாங்கித் தின்றேன். வெயில் எப்படிச் சிவந்து, எப்படிப் போகிறது என்று ஒன்றுவிடாமல் பார்த்தேன். ஆறு மணிக்குத் தானாகவே வலது கை ஒருமுறை எழுந்தது. நானே சிரித்துக்கொண்டேன். அந்த நாலு வருஷத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்தது அன்றுதான்.

ஆறேகாலுக்கு வீட்டு வாசலில் இறங்கினேன். வாசலில் எச்சில் இலைகள் குவிந்து கிடந்தன, காக்காய் கிளறிக்கொண்டிருந்தது. உள்ளே அப்பா படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரிந்து முடிந்து சாம்பல் மட்டும் வளைந்து நின்றது. பீடிக்கட்டு பிரிந்திருந்தது. அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். என் கையிலிருந்த மாலையைப் பார்த்தான்.

"உனக்காகத்தான்டா மூணு மணிக்குன்னு வச்சோம்" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணிதான் சொன்னாள். அம்மா ஒரு வாரமாகப் பிடிவாதம் பிடித்தாளாம். விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் வரமுடியாது, அவன் இருக்கிற நேரத்தில் வைத்தால் உங்கள் அப்பா வேண்டாமென்றா சொல்லப்போகிறார் என்றாளாம். நல்ல மீன்பாடு இருந்த வாரம், ஊரே கடலில் இருந்தது. அண்ணன் அன்று கடலுக்குப் போகாமல் உட்கார்ந்து ஏற்பாடெல்லாம் செய்திருக்கிறான். பன்னிரண்டு மணிக்கு நான் வந்துவிடுவேன், எப்போதும் வருகிறவன்தானே, சொல்லி அனுப்ப என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். மூன்று மணிவரை பார்த்திருக்கிறார்கள், அப்புறம் நாலு மணிவரை. வந்த உறவுக்காரர்கள் பசியோடு எத்தனை நேரம் உட்காருவார்கள்? நாலரைக்குப் படைத்துவிட்டார்கள். நாலரைக்கு நான் டவுனில் மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தேன்.

"எங்கடா போன?" என்று அண்ணன் கேட்டான். சத்தம் போடவில்லை. அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையல்கட்டிலிருந்து அம்மா வந்துவிட்டாள். எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அவன் என்னடா பண்ணுவான்? விளக்க மாத்த யாரையாவது புடிச்சு நிறுத்திட்டுத்தான வரமுடியும். இன்னைக்கு அங்க என்ன வேலையோ, இந்த மட்டுக்கும் வந்தானே. புள்ளய ஒண்ணும் சொல்லாத."

நான் என்ன சொல்லியிருக்கவேண்டும்? இல்லம்மா, விளக்கு தானாக மாறும், நான் ஒரு மெஷின் செய்திருக்கிறேன், அதனால் பாலத்தில் நின்று சுண்டல் தின்றுகொண்டு ஆற்றை வேடிக்கை பார்த்தேன் என்றா? அண்ணன் ஒரு நாள் கடலை விட்டுவிட்டு என்னை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த வீட்டில்? ஊர் முன்னால் எனக்காக ஒரு வாரம் வாதாடிய அம்மாவைப் பொய்யாக்கிவிட்டா? நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆமாம் என்று சொல்லவில்லை. சொன்ன மாதிரிதான்.

அம்மா இலை போட்டாள். எனக்கென்று எடுத்துவைத்திருந்த சுறாப்புட்டு ஆறிக் கிடந்தது. சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே, ராத்திரி இருந்து போயேன் என்றாள். சொல்லிவிட்டு அவளே, காலையில் ஆறு மணிக்குத்தானே மறுபடியும் மாத்தணும், விடிவதற்கு முன்னாலேயே எழுப்பிவிடுகிறேன், போய்விடலாம் என்றாள். நாலு வருஷத்துக்குப் பிறகு என் பிள்ளை ஒரு ராத்திரி வீட்டில் படுக்கிறான் என்ற சந்தோஷத்தில் அவள் எனக்குப் படுக்கப் பாய் தேடப் போனாள். நான் இலையை மடித்தேன்.

சொன்னபடி அவள் என்னை இருட்டோடு எழுப்பினாள். அண்ணனும் அண்ணியும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தி, நேரமாயிடுச்சுய்யா, விளக்கு மாத்தணும்ல, எந்திரி என்றாள். நான் எழுந்தேன். மிச்சமிருந்த தொக்கையும் சோற்றையும் தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தாள். வாசல்வரை வந்து, பாத்துப் போ, மெதுவாப் போ, என்றவள், உடனே மெதுவாப் போனா ஆறு மணி ஆயிடும் என்று திருத்திக்கொண்டாள். அவளுக்காக நான் வேகமாக மிதித்தேன். ஒருவருக்கும் தேவையில்லாத அந்தப் பத்துக் கிலோமீட்டரை நான் மூச்சு வாங்க மிதித்தேன், அழுதுகொண்டே.

லேப் வாசலில் சைக்கிளை நிறுத்தியபோது விடிந்துகொண்டிருந்தது. பூட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்றேன். உள்ளே டக் என்றது. ஒரு மூச்சு விடும் நேரம் சும்மா இருந்தது. மறுபடியும் டக். முதல் அறையின் ஜன்னல் வெள்ளையாக ஆனது. இவ்வளவு நன்றாக நான் எதையும் செய்ததில்லை.

அடுத்த வருஷமும் அம்மா மூன்று மணிக்கே படையல் வைத்தாள். அதற்கடுத்த வருஷமும். வழக்கமாகவே ஆகிவிட்டது. உறவுக்காரர்கள்கூட அந்த வீட்டில் மூன்று மணி என்று தெரிந்து வந்தார்கள். நான் பன்னிரண்டு மணிக்கே போய்விடுவேன். அப்பா படத்துக்கு மாலை போடுவேன், கற்பூரம் காட்டுவேன், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவேன். அண்ணனுக்கு என்மேல் இருந்த கோபம் போய்விட்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. நாலரை ஆனதும் அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். முன்பெல்லாம் இருந்து போகக் கூடாதா என்று கேட்டவள், இப்போது அவளே, நேரமாச்சுய்யா, கிளம்பு என்பாள். என் பிழைப்பை அவள் காப்பாற்றிக்கொடுத்தாள்.

நான் எழுந்து சைக்கிளை எடுப்பேன். சுரக்குடியில் எனக்கு ஒரு வேலையும் இருக்காது. அரசலாற்றுப் பாலத்தில் நிறுத்தி, இருட்டும்வரை நின்றுகொண்டிருப்பேன். ஒரு வருஷம் திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று சைக்கிளைத் திருப்பினேன். பாலத்தின் முனைவரை போய் மறுபடியும் திருப்பிக்கொண்டேன். அம்மா போய்ப் பல வருஷமாகிவிட்டது. "இல்லம்மா, இருக்கேன்" என்பதை அவளிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.